காருக்குள் கத்தும் பல்லி!

ஐப்பசி மாத விடியற்காலை. மணி ஐந்தேகால். வெளியே பிசுபிசுவென்று தூறல். என் மாமியாருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் இன்னொருவர் அதே படுக்கைக்குக் காத்திருப்பார். ஆகவே நாம் அரை மணி தாமதமாகப் போனால், அந்த அரை மணி நம் கணக்கில்தான் குறையும். இது டயாலிசிஸ் வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

என் கணவர் வெளியூரில். அத்தை போர்வையைப் போர்த்திக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாயிற்று. மடியில் கூடை, கூடைக்குள் இரண்டு இட்லி, அளந்து ஊற்றிய தண்ணீர் பாட்டில். நான் சாவியைத் திருகினேன்.

‘டிக்... டிக்... டிக்... டிக்...’

அவ்வளவுதான். என்ஜின் ‘உர்’ரென்று சொல்லவே இல்லை. இன்னொரு தரம். மறுபடியும் அதே டிக் டிக். சுவரில் பல்லி கத்துவது போலவே இருந்தது.

"என்னம்மா, பல்லி சொல்லுது?" என்றார் அத்தை, பாதி வேடிக்கையாக, பாதி பயமாக.

பல்லி எந்தத் திசையில் கத்தினால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருப்பார்கள். கார் கத்தினால் என்ன பலன் என்று யார் சொல்லித் தந்தார்கள்? பதினோரு வருஷமாக ஓட்டுகிறேன். கியர் தெரியும், பிரேக் தெரியும், ரிவர்ஸில் சந்துக்குள் நுழையத் தெரியும். ஆனால் இந்தச் சத்தத்துக்கு அர்த்தம் தெரியாது. விளக்கு எரிகிறது, ஹார்ன் அடிக்கிறது, அப்புறம் என்ன கேடு? இருபது தரம் சாவியைத் திருகிப் பார்த்தேன். கடைசியில் அந்த ‘டிக்’கும் நின்றுவிட்டது.

மழையில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது ஆறு ஐம்பது. அன்றைக்கு நான்கு மணி நேரத்தில் முக்கால் மணி போயிற்று. ராத்திரி அத்தையின் கணுக்கால் வீக்கம் வழக்கம்போல் வடியவில்லை. "பரவாயில்லம்மா, காரு என்ன பண்ணும்" என்று அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

ஒன்பதாயிரமா, ஒரு ஸ்பூன் சோடாவா?

மத்தியானம் ஒரு மெக்கானிக் வந்தார். அவசரக்காரர். சாவியைத் திருகினார், டிக் டிக் கேட்டார். "செல்ஃப் மோட்டார் போயிடுச்சும்மா. புதுசு மாத்தணும். ஒன்பதாயிரம் ஆகும், சாயங்காலம் வண்டிய எடுத்துக்கறேன்" என்றார். எனக்கு என்ன தெரியும்? "வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று தப்பித்துக்கொண்டேன்.

எங்கள் தெருக்கோடியில் பழைய பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. சாயங்காலம் அவரைக் கூப்பிட்டேன். அவர் காரைத் தொடுவதற்கு முன்னால் என்னைத்தான் விசாரித்தார். டாக்டர் இருமலைப் பற்றிக் கேட்பாரே, அந்த மாதிரி!

"சத்தம் ஒரு தடவைதான் வந்துச்சா, படபடன்னு பல தடவை வந்துச்சாம்மா?"

"பல தடவைங்கய்யா."

"சாவி திருகுறப்ப மீட்டர் போர்டு விளக்கு அப்படியே இருந்துச்சா, மங்கிப் போச்சா?"

"மங்கிச்சு. அணைஞ்சு அணைஞ்சு வந்துச்சு."

"அப்ப செல்ஃப் மேல பழி போடாதீங்க. அதுக்குச் சாப்பாடு போய்ச் சேரல" என்றபடி பானெட்டைத் தூக்கினார். பேட்டரியின் பிளஸ் முனையைச் சுற்றி, உப்புப் பூத்த சுவர் மாதிரி வெள்ளையும் பச்சையுமாக ஒரு பொடி அப்பிக்கிடந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தார். நான் காலையில் இத்தனை தரம் திருகியும், பேட்டரி முனையில் 12.4 வோல்ட் இருந்தது. ஆனால் சாவியைத் திருகும்போது, முனையை விட்டு அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் மீட்டரை வைத்தால் எண் சரசரவென்று விழுந்தது.

"பார்த்தீங்களா? மேல தொட்டியில தண்ணி இருக்கு. குழாய்தான் அடைச்சிருக்கு. தொட்டிய மாத்தச் சொன்னா தப்பு, மோட்டார மாத்தச் சொன்னாலும் தப்பு. உள்ள போயி ஒரு ஸ்பூன் ஆப்பசோடாவும் கொஞ்சம் வெந்நீரும் கொண்டாங்கம்மா!"

பத்து நிமிஷ வேலை. வண்டி ஒரே திருகில் கிளம்பிற்று. அவர் வாங்கிக்கொண்டது இருநூறு ரூபாய், ஒரு டம்ளர் டீ.

ஒன்பதாயிரம் மிச்சமானது சந்தோஷம்தான். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அன்றைக்குப் புரிந்தது. விடியற்காலையிலேயே அந்த இரண்டு கேள்விகளை நானே கேட்டுக்கொள்ளத் தெரிந்திருந்தால், இருபது தரம் திருகாமல் ஐந்து நிமிஷத்தில் முடிவு பண்ணியிருப்பேன். அத்தைக்கு முக்கால் மணி போயிருக்காது. அதனால்தான் பெரியவரிடம் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

அந்தக் காலத்துக் கார்களுக்கு முன்பக்கம் ஹேண்டிலைச் சொருகி, கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்வார்கள். சில சமயம் அது திருப்பி அடித்து மணிக்கட்டை ஒடித்துவிடும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக் கார்களில் வந்தது. ஹேண்டில் சுற்றும் முரட்டு வேலை ஒழிந்ததால் பெண்கள் தனியாகக் கார் எடுத்துக்கொண்டு போவது மிகவும் சுலபமாயிற்று. நாம் சாவியைத் திருகுவது அந்தக் கண்டுபிடிப்பின் புண்ணியம்தான்.

அந்த ஸ்டார்ட்டரைத்தான் நம்மூரில் ‘செல்ஃப்’ என்கிறோம். அதன் தலையில் ‘சோலினாய்டு’ என்று ஒரு காந்த ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் சாவியைத் திருகியதும் அது ஒரு சின்னத் தண்டை இழுக்கும். அந்த இழுப்பில் இரண்டு வேலை நடக்கும். ஒரு பல் சக்கரம் முன்னால் போய் என்ஜினின் பெரிய சக்கரத்தோடு கோத்துக்கொள்ளும். கூடவே, பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் பெரிய கரண்ட் பாயும் கதவு திறக்கும். நமக்குக் கேட்கிற ‘டிக்’ இந்த இழுப்பின் சத்தம்தான்!

இங்கேதான் சூட்சுமம். அந்தத் தண்டை இழுக்கக் கொஞ்சம் கரண்ட் போதும். ஆனால் என்ஜினைச் சுற்ற, சின்னக் காரில்கூட 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். நம் வீட்டு 2000 வாட் கீஸரே 9 ஆம்பியர்தான் எடுக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! காரின் இரண்டு முன் விளக்குகளும் சேர்ந்து 10 ஆம்பியர் அளவில் கேட்கும். ஆகவே "விளக்கு எரியுதே, அப்ப பேட்டரி நல்லாத்தானே இருக்கு?" என்று நான் நினைத்தது சுத்தத் தப்பு. நாலு பேருக்குச் சமைத்துப் போடுகிறவளால் நானூறு பேர் கல்யாணச் சமையலையும் தனியாகச் சமாளிக்க முடியுமா?

பேட்டரி சோர்ந்திருந்தால், அல்லது வழியில் அடைப்பு இருந்தால், காந்தம் இழுக்கும், டிக்! உடனே மோட்டார் பெரிய கரண்ட் கேட்கும். வோல்ட் பொத்தென்று விழும். காந்தம் பிடியை விட்டுவிடும். விட்டதும் வோல்ட் ஏறும், மறுபடி இழுக்கும், டிக்! இப்படியே படபடவென்று நடப்பதுதான் அந்தப் பல்லிக் கச்சேரி.

பல்லிப் பலன்

சாவியைத் திருகும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு, ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள்.

1. படபடவென்று பல ‘டிக்’: பெரும்பாலும் பேட்டரி இறங்கிவிட்டது, அல்லது அதன் முனைகளில் பொடி, தளர்ச்சி. நூற்றுக்கு முக்கால்வாசி கேஸ் இதுதான் என்கிறார் பெரியவர்.

2. கனமாக ஒரே ஒரு ‘டக்’, அப்புறம் மௌனம்: காந்தம் இழுத்துப் பிடித்துவிட்டது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை. செல்ஃபுக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், சோலினாய்டின் செம்புத் தொடுமுனைகள் கருகியிருக்கலாம், என்ஜினுக்குப் போகும் எர்த் ஒயர் தளர்ந்திருக்கலாம். அபூர்வமாக என்ஜினே இறுகியிருக்கலாம். ரொம்பவும் கெட்டுப்போன முனையும் இந்தச் சத்தம் தரும். எனவே முதலில் முனைகளைப் பார்த்துவிட்டுத்தான் செல்ஃபைக் கழற்ற விட வேண்டும்.

3. சத்தமே இல்லை: பேட்டரி முழுக்கக் காலி, அல்லது ஃப்யூஸ், ரிலே, சாவி ஸ்விட்ச் கோளாறு. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியானால் கியர் ‘பி’ அல்லது ‘என்’னில் இருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் கிளட்ச்சை முழுக்க மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்.

4. செல்ஃப் ‘கர்ர் கர்ர்’ என்று நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை: இது பல்லி சமாச்சாரம் இல்லை. பெட்ரோல் அல்லது ஸ்பார்க் பக்கத்துக் கோளாறு. பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள்.

விளக்குப் பரீட்சை

காது சொன்னதைக் கண்ணால் உறுதி செய்துகொள்ளலாம். காரைச் சுவர் பக்கமாக நிறுத்தி முன் விளக்கைப் போடுங்கள். சுவரில் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருகுங்கள்.

முதலிலேயே விளக்கு மங்கலாக இருந்தால் பேட்டரி இறங்கிவிட்டது. முதலில் பளிச்சென்று இருந்து, திருகும்போது அணைகிற மாதிரி மங்கினால் பேட்டரி அல்லது முனைகள். திருகினாலும் விளக்கு மங்காமல் அப்படியே இருந்து, ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால், மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை. செல்ஃப் பக்கம் பார்க்கலாம்.

வீட்டில் ஒரு சின்ன மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ராத்திரி முழுக்க ஓடாமல் நின்ற வண்டியில், காலையில் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள்.

12.6 வோல்ட்: வயிறு நிறைந்திருக்கிறது.
12.4 வோல்ட்: முக்கால் வயிறு.
12.2 வோல்ட்: அரை வயிறு, சார்ஜ் ஏற்றுங்கள்.
12 அல்லது அதற்குக் கீழ்: பட்டினி.

திருகும்போது 10 வோல்ட்டுக்கு நன்றாகக் கீழே போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். என்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அது 12 சொச்சத்திலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. புது பேட்டரி போட்டாலும் அது நாலு நாளில் படுத்துவிடும்!

தொடுவதற்கு முன், வளையலைக் கழற்றுங்கள்!

இதை மட்டும் தயவுசெய்து இரண்டு தரம் படியுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது சரிதான். ஆனால் பேட்டரியின் பிளஸ் முனைக்கும் கார் உடம்புக்கும் நடுவே ஓர் உலோகம் பாலம் போட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாய்ந்து கண நேரத்தில் பழுக்கக் காய்ந்துவிடும். அந்த உலோகம் நம் கை வளையலாகவோ மோதிரமாகவோ இருந்தால்? தோல் வெந்து ஒட்டிக்கொள்ளும். தங்கம் கரண்டை நன்றாகவே கடத்தும். ஆகவே வளையல், மோதிரம், வாட்ச்சைக் கழற்றி வைத்துவிடுங்கள். குனியும்போது தாலிச் சங்கிலி தொங்காமல் ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகுங்கள், பின்னலை முடிந்துகொள்ளுங்கள். என்ஜின் ஓடும்போது விசிறி, பெல்ட் பக்கம் கையே போகக்கூடாது.

பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். அது சட்டென்று தீப்பிடிக்கும். இருட்டில் தீக்குச்சி கிழித்துப் பார்க்காதீர்கள், செல்போன் டார்ச் போதும். பேட்டரி உப்பியிருந்தாலோ, வெடிப்பு விட்டிருந்தாலோ, அழுகின முட்டை நாற்றம் அடித்தாலோ தொடாமல் ஆள் கூப்பிடுங்கள்.

உள்ளே இருப்பது கந்தக அமிலம். கண்ணில் தெறித்தால் கசக்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 முதல் 20 நிமிஷம் கண்ணைத் திறந்து கழுவிவிட்டு உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். கையில் பட்டாலும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிற ஒயர்கள் இருக்கும். அவை உயிரைப் பறிக்கும் வோல்ட், கிட்டவே போகாதீர்கள்.

சமையலறை வைத்தியம்

முனைகளில் பொடி பூத்திருந்தால் இப்படிச் செய்யலாம். சாவியை எடுத்துவிட்டு, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் மைனஸ், பிறகு பிளஸ். இந்த வரிசையில் கிளாம்ப்பைத் தளர்த்திக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் சரியாக இருக்கும்.

ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேஜைக்கரண்டி ஆப்பசோடாவைக் கரைத்து, பழைய டூத் பிரஷால் தொட்டுத் தேயுங்கள். புஸ்ஸென்று நுரைத்து வரும். அமிலம் முறிகிறது என்று அர்த்தம். சோடாத் தண்ணீர் பேட்டரியின் மூடி வழியாக உள்ளே மட்டும் போகக்கூடாது. பிறகு ஈரத் துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, உப்புத் தாளால் முனையையும் கிளாம்ப்பின் உட்புறத்தையும் லேசாகத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள்.

மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். கையால் திருகிப் பார்த்தால் கிளாம்ப் அசையவே கூடாது. மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் பொடி சீக்கிரம் பூக்காது. பேட்டரியைக் கழற்றினால் கடிகார நேரம் அழியும், சில வண்டிகளில் ரேடியோ ரகசிய எண் கேட்கும். அதற்குப் பயப்பட வேண்டாம், வண்டிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

முனைகள் சுத்தமாக இருந்தும் டிக் டிக் என்றால், பக்கத்து வீட்டுக் காரிலிருந்து கரண்ட் கடன் வாங்கலாம். இதற்கு ஜம்பர் கேபிள் என்று பெயர். இரண்டும் 12 வோல்ட் வண்டிகளாக இருக்க வேண்டும், ஒன்றோடொன்று இடிக்கக்கூடாது, இரண்டும் நிறுத்தியிருக்க வேண்டும். வரிசை இதுதான்: சிவப்பு ஒயரை நம் பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை அவர்கள் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பு ஒயரை அவர்கள் மைனஸ்ஸில் மாட்டி, மறுமுனையை நம் என்ஜினில் பெயின்ட் இல்லாத கனமான இரும்புப் பாகத்தில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். கடைசியில் பறக்கிற பொறி, வாயு கசியும் பேட்டரியின் பக்கத்தில் விழக்கூடாது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு. அவர்கள் வண்டியை ஐந்து நிமிஷம் ஓட விட்டு, பிறகு நம்முடையதைத் திருகுங்கள். கிளம்பியதும் மாட்டியதற்கு நேர்மாறான வரிசையில் கழற்றுங்கள்.

எந்த நிலைமையிலும் ஐந்து, பத்து வினாடிக்கு மேல் சாவியைத் திருகிப் பிடிக்காதீர்கள். இரண்டு தடவைக்கு நடுவே அரை நிமிஷமாவது இடைவெளி விடுங்கள். நான் செய்த மாதிரி இருபது தரம் திருகினால், மிச்சம் மீதி உயிரும் போய்விடும்.

தள்ளலாமா?

"ஆளுக்கு ஒரு கை போடுங்க" என்று தெருவே கூடிவிடும். கையால் கியர் போடும் வண்டியை மட்டும்தான் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியும், ஆட்டோமேட்டிக்கில் நடக்காது. இன்றைய வண்டிகளில் பேட்டரி அறவே செத்துக்கிடந்தால் தள்ளியும் பிரயோஜனமில்லை. பெட்ரோல் பம்புக்கும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சமாவது கரண்ட் வேண்டுமே. என்ஜின் ஓடாதபோது ஸ்டியரிங் இறுக்கமாக இருக்கும், பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும். இறக்கத்தில் ரொம்ப ஜாக்கிரதை.

இன்னொன்று. கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், இடுப்பு வலிக்காரர்கள், அண்மையில் ஆபரேஷன் ஆனவர்கள் கார் தள்ளவே கூடாது. ‘ஒரு கை’ என்று ஆரம்பித்து ஒரு மாதம் படுக்கையில் முடியும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா? சாவியைத் தொடாதீர்கள்!

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்று பார்த்தோம். தண்ணீர் வடிந்ததும் ஆவலாகச் சாவியைத் திருகுவார்கள். ‘டக்’ என்று ஒரே சத்தம். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அதை அமுக்க முடியாமல் என்ஜின் நிற்கிறது என்று அர்த்தம். மேலும் மேலும் முயன்றால் உள்ளே கம்பிகள் வளைந்து என்ஜினே பாழாகும். இன்ஷூரன்ஸ்காரர்களும் "ஏன் ஸ்டார்ட் செய்தீர்கள்?" என்று தகராறு செய்யக்கூடும். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, கட்டி இழுத்துக்கொண்டு போவதே நல்லது.

பேட்டரிக்கும் பத்தியம் உண்டு

குளிர் நாடுகளில் பனிக்காலக் காலைகளில்தான் பேட்டரி காலை வாரிவிடும். நம் ஊரில் வெயில்தான் அதன் ஆயுளைத் தின்கிறது. மூன்றிலிருந்து ஐந்து வருஷம் உழைத்தால் நம் ஊரில் அது நல்ல பேட்டரி. வாங்கிய தேதியை ஒரு சீட்டில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள். மூன்று வருஷம் ஆனதும் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பேட்டரிக் கடையில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பால் வாங்க, பள்ளிக்கூடம் விட என்று சின்னச் சின்ன ஓட்டமே ஓடினால், ஸ்டார்ட் செய்யச் செலவான கரண்ட் திரும்பிச் சேராது. வாரம் ஒரு நாளாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். இறங்குமுன் உள் விளக்கு, டிக்கி விளக்கு அணைந்ததா என்று பாருங்கள். தண்ணீர் விடும் ரகப் பேட்டரியானால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் விட வேண்டும். குழாய்த் தண்ணீரும் கூடாது, அமிலமும் கூடாது.

பழைய பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். உள்ளே இருப்பது ஈயம். அதைத் தெருவில் வைத்து உடைத்தால் அந்தத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழித்தும் தருவார்கள். தயாரிப்பாளர்கள் பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்றுச் சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும் என்று 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன.

கடைசியாக ஒரு வார்த்தை

எத்தனை கற்றுக்கொண்டாலும், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பிரசவ வலி என்று வரும்போது கார் டிக் டிக் என்றால் பானெட்டைத் திறக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வைத்தியம் காருக்கு அப்புறம், மனுஷருக்கு முதலில்.

டயாலிசிஸ் மாதிரி தேதி தெரிந்த பயணமானால் இன்னொரு வழி இருக்கிறது. இப்போது முதல் நாள் ராத்திரியே ஒரு தரம் வண்டியைக் கிளப்பிப் பார்த்துவிடுகிறேன். தகராறு இருந்தால் ராத்திரியே தெரிந்துவிடும். காலைக்கு ஆட்டோவுக்குச் சொல்லி வைத்துவிடலாம். காரின் பின்னால் ஒரு துணிப்பையில் ஸ்பேனர், பழைய டூத் பிரஷ், சோடாப் பொட்டலம், ஜம்பர் கேபிள் நான்கும் இருக்கின்றன.

போன வாரம் நான் சாவியைத் திருகியதும் என்ஜின் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. அத்தை கூடையை மடியில் சரி செய்துகொண்டு, "இன்னிக்குப் பல்லி சொல்லலம்மா, நல்ல சகுனம்தான். கிளம்பு!" என்றார். ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம்.

என்ன, நாளைக் காலையில் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, உங்கள் வீட்டுக் காரின் பானெட்டையும் ஒரு தரம் தூக்கிப் பார்ப்பீர்கள்தானே?